ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு திருவிழா

தை பிறந்ததும் திண்டுக்கல்லிலிருந்து பழநி போகும் சாலையில் ஒருநாள் இரவு நின்று பாருங்கள். பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாக ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். தோளில் காவடி, தலையில் பால்குடம், இடுப்பில் தூங்கும் குழந்தை. காரைக்குடியிலிருந்தும் மதுரையிலிருந்தும் நடந்தே வந்தவர்கள். யாரிடமும் நுழைவுச்சீட்டு கிடையாது. பெயரைப் பதிந்துகொள்ளச் சொல்லும் அலுவலகம் கிடையாது. "சாமி, ஒரு டம்ளர் மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று சாலையோரப் பந்தலில் கெஞ்சுகிறவருக்குச் சம்பளமும் கிடையாது. தைப்பூசத்துக்குப் பழநியில் பல லட்சம் பேர் கூடுகிறார்கள். பாட்டு, ஆட்டம், மேளம், சோறு, படுக்க இடம் எல்லாம் இந்த ஏற்பாட்டில்தான் நடக்கின்றன.

அதே பழநி மலைத்தொடரின் உச்சியில் மே மாதம் இன்னொரு விழா. கொடைக்கானலின் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும். 1908-இல் உருவான பிரையன்ட் பூங்காவில் பூக்களைப் பார்க்க டிக்கெட் எடுக்க வேண்டும். மலையேறும் முன்பே இ-பாஸ் எடுத்திருக்க வேண்டும். 2025 கோடையில் நாளுக்கு இத்தனை வாகனங்கள் என்று உச்சவரம்பும் இருந்தது.

அடிவாரத்தில் கணக்கின்றி வரலாம், மேலே எண்ணித்தான் விடுவார்கள். பக்திக்கு ஒரு நியாயம், சுற்றுலாவுக்கு ஒரு நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. பக்திக்கும் சுற்றுலாவுக்கும் இதில் பங்கு குறைவு. எல்லாம் இடக்கணக்குதான். ஒரு மனிதர் நடந்து வந்தால் எவ்வளவு இடம் வேண்டும், காரில் வந்தால் எவ்வளவு இடம் வேண்டும் என்ற கணக்கு. அதைப் புரிந்துகொண்டால் பழநிப் பாதயாத்திரையைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

ஒரு மீட்டர் அகலமுள்ள நடைபாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் குறுக்கே ஒரு கோடு. ஒரு நொடிக்கு எத்தனை பேர் அந்தக் கோட்டைத் தாண்ட முடியும்? உலகெங்கும் அளந்து பார்த்திருக்கிறார்கள். மிகச் சீராகப் போனால் சுமார் 1.3 பேர். அதாவது மணிக்கு ஏறத்தாழ 4,500 பேர். மூன்றரை மீட்டர் என்பது ஒரு வாகனம் போகும் தடத்தின் அகலம். அதில் நடந்தால் மணிக்குப் பதினாறாயிரம் பேர் போகலாம். அதே தடத்தில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சமவெளியில், தடையே இல்லாமல் ஓடினாலும் மணிக்கு 1,800 என்பதே பெரிய எண். ஒவ்வொன்றிலும் நான்கு பேர் என்றாலும் 7,200 பேர்தான். நூறு குதிரைச் சக்தி என்ஜினால் முடியாததை இரண்டு கால்கள் செய்துவிடுகின்றன. கார் வேகமாக ஓட ஓட, முன்னும் பின்னும் அது கேட்கும் வெற்றிடம் கூடுகிறது. நடப்பவருக்கு ஒரு கை நீளம் போதும்.

இதற்கும் எல்லை உண்டு. ஒரு சதுர மீட்டரில் இரண்டு பேர் வரை இருந்தால், வேகம் குறைந்தாலும் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். நான்கைத் தாண்டினால் கால் எடுத்து வைக்கத் தயங்கும். ஏழு பேரை நெருங்கும்போது கூட்டம் தனித்தனி மனிதர்களாக இருப்பதில்லை, திரவமாகிவிடுகிறது என்று ஜான் ஃப்ரூயின் என்ற அமெரிக்கப் பொறியாளர் எழுதினார். ஓரிடத்தில் தள்ளினால் அலை எழுந்து எங்கோ நிற்பவரைச் சாய்க்கும். நெரிசல் சாவுகளில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. நின்ற நிலையிலேயே மார்பு அழுத்தப்பட்டு மூச்சு விட முடியாமல் இறக்கிறார்கள். திருவிழாவில் கூட்டத்தை ஒழுங்கு செய்பவர் காக்க வேண்டியது இந்த ஒற்றை எண்ணைத்தான்: சதுர மீட்டருக்கு எத்தனை பேர்.

நம் ஊர்க் கூட்டத்தைப் பற்றி ஓர் இனிய செய்தியும் இருக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யும் ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையமும் சேர்ந்து 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. இரு நாட்டிலும் ஒரே அளவுள்ள வட்டப் பாதையில் ஆட்களை ஒருவர் பின் ஒருவராக நடக்கவிட்டு அளந்தார்கள். நெருக்கம் கூடக் கூட ஜெர்மானியர்களின் வேகம் சட்டென்று குறைந்தது. இந்தியர்களின் வேகம் அவ்வளவாகக் குறையவில்லை. முன்னால் போகிறவரோடு விடும் இடைவெளி நமக்குக் குறைவு, முட்டினாலும் முகம் சுளிக்காமல் நடந்துகொண்டே இருப்போம். ஒழுங்கில்லாதவர்கள் என்று நம்மை நாமே திட்டிக்கொள்ளும் பழக்கத்துக்கு இந்த ஆய்வு நல்ல மருந்து. ஆனால் ஆபத்தான நெருக்கம் வந்த பிறகும் நாம் உணராமல் நடப்போம் என்ற எச்சரிக்கையும் இதற்குள் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

இனி மேளத்துக்கு வருவோம்.

காவடி கூட்டமாகப் போகும்போது முன்னால் நையாண்டி மேளமோ பம்பையோ உறுமியோ இருக்கும். "வேல் வேல்" என்று ஒருவர் எடுத்துக்கொடுக்க, "வெற்றிவேல்" என்று கூட்டம் வாங்கிக்கொள்ளும். நடையும் தாளமும் ஒன்றாகிவிடும். காவடிச்சிந்து என்ற பாட்டு வகையே இந்த நடையிலிருந்து பிறந்ததுதான். கழுகுமலை முருகன்மேல் அண்ணாமலை ரெட்டியார் பாடி அதை இசை மேடைக்குக் கொண்டுவந்தார். பக்தியை மறந்துவிட்டு இந்தத் தாளத்தைப் பார்த்தாலும் அதற்கு ஒரு வேலை இருப்பது தெரியும். 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு வட்டப் பாதையில் ஆட்களை நெருக்கமாக நடக்கவிட்டார்கள். முதலில் அவரவர் விருப்பப்படி. பிறகு இயல்பு நடையைவிட மெதுவான ஒரு தாளத்தைத் தட்டி, அதற்கேற்ப. நெருக்கம் அதிகமாக இருந்தபோது, மெதுவான தாளத்துக்கு நடந்தவர்கள்தான் அதிகம் நகர்ந்தார்கள்! தாளம் இல்லாத கூட்டத்தில் ஒருவர் தயங்க, பின்னால் இருப்பவர் நிற்க, அவருக்குப் பின்னால் இருப்பவர் முட்ட, நின்று நின்று போகும் அலை உருவாகிறது. தாளம் இருந்தால் எல்லோரும் ஒரே நொடியில் காலைத் தூக்குகிறார்கள். நிற்பது குறைகிறது. பம்பைக்காரர் இந்தக் கணக்கைப் போட்டு அடிக்கவில்லை, ஆனாலும் அவர் அடிக்கு அந்தப் பயன் இருக்கிறது.

காவடியையும் சற்றுப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இடும்பன் சிவகிரி, சக்திகிரி என்ற இரு மலைகளை ஒரு கம்பின் இரு முனைகளில் கட்டித் தூக்கி வந்தான் என்பது பழநியின் தலபுராணக் கதை. கம்பின் நடுவே தோள், இரு நுனிகளிலும் பாரம். இந்த வடிவத்துக்கு ஓர் இயற்பியல் குணம் உண்டு. பாரம் மையத்திலிருந்து தள்ளி இருந்தால் பொருள் சட்டென்று சுழலாது, சாயவும் நேரமெடுக்கும். கயிற்றின்மேல் நடப்பவர் நீண்ட கழியைப் பிடிப்பது இதனால்தான். காவடியாட்டக்காரர் கையை எடுத்துவிட்டுக் கழுத்தில், தோளில், முதுகில் காவடியைச் சுழலவிடுகிறாரே, அவருக்கு அந்த ஒரு கணத் தாமதம்தான் மூலதனம். காவடி சாயத் தொடங்குவதற்கும் விழுவதற்கும் இடைப்பட்ட நேரத்தில் தோளை அதன் எடைமையத்துக்கு நேர்க்கீழே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார். விரல் நுனியில் விளக்குமாற்றை நிறுத்திப் பாருங்கள், பிறகு பென்சிலை நிறுத்திப் பாருங்கள். பென்சில் நிற்காது. குட்டையான பொருள் வேகமாகச் சாயும், நம் கைக்கு அந்த வேகம் கிடையாது.

சுமையில்லாமல் நடந்தாலே சோர்வு வரும். இவர்கள் சுமந்து நடக்கிறார்கள். அறுபது கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் நடக்கச் சுமார் 50 கலோரி செலவாகும். ஏறத்தாழ ஒரு இட்லி. ஒரு நாளில் இருபத்தைந்து கிலோமீட்டர் நடப்பவருக்கு அந்த நடைக்கே இருபத்தைந்து இட்லி வேண்டும். செட்டிநாட்டு நகரத்தார் காவடியோடு நடந்து போய், தரிசனம் முடித்து, நடந்தே திரும்புகிறார்கள். அவர்களோடும் அவர்களைப் போலவும் போகும் ஆயிரமாயிரம் பேரின் இட்லிக் கணக்கை யார் போடுகிறார்கள்? யாரும் போடுவதில்லை. ஒவ்வோர் ஊரும் தன் எல்லையில் ஒரு பந்தல் போடுகிறது. ஒட்டன்சத்திரத்துப் பந்தலுக்கு அடுத்த பந்தலில் என்ன சமையல் என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. வழி நெடுக அடுப்பு எரிகிறது, பசித்தவர் உட்காருகிறார். மையத்தில் ஒரு தலைமை இல்லாமலே இயங்கும் இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு பந்தல் படுத்தாலும் யாத்திரை படுக்காது.

பந்தலில் கொடுக்கும் பானகத்தில் வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. வியர்த்து வந்தவருக்கு வெறும் தண்ணீரைவிட இது மேல். குடலின் சுவரில் சர்க்கரையும் சோடியமும் ஜோடியாகத்தான் ஒரு வாசல் வழியே உள்ளே போகின்றன. அவை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொள்கின்றன. 1960-இல் ராபர்ட் கிரேன் விளக்கிய இந்த ஜோடி வாசல்தான், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலின் அடிப்படை. அந்தக் கரைசல் உலகெங்கும் கோடிக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. அதன் எளிய உறவுக்காரர்தான் பானகம்.

இன்னொரு தொண்டும் உண்டு, கண்ணில் அதிகம் படாது. இரவில் நடப்பவர்களின் பையிலும் முதுகிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவது. காவல்துறையினரும் தன்னார்வலர்களும் சாலையோரம் நின்று ஒட்டுவார்கள். வெள்ளைத் துணிமேல் விளக்கு பட்டால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறும், ஓட்டுநரின் கண்ணுக்கு அதில் சிறு துளிதான் திரும்பும். ஸ்டிக்கருக்குள் பொடிப்பொடியான கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ பதித்திருக்கிறார்கள். எந்தத் திசையிலிருந்து ஒளி வந்ததோ அந்தத் திசைக்கே அதைத் திருப்பி அனுப்பும் அமைப்பு அது. லாரியின் முகப்பு விளக்கு வெளிச்சம் லாரிக்காரரிடமே திரும்பி வரும். விரல் நீளமுள்ள ஒரு துண்டு, அதை ஒட்டிவிட ஒரு நொடி. அவ்வளவில் ஓர் உயிர் சாலையில் தெரியத் தொடங்குகிறது.

அடிவாரம் வந்தாயிற்று. மலைக்கோயிலுக்கு 693 படிகள், உயரம் சுமார் 450 அடி. அறுபது கிலோ உடம்பை அவ்வளவு உயரம் தூக்க, தசைகளின் வீண் செலவையும் சேர்த்து, ஒரு வாழைப்பழத்தின் சக்தி போதும். மேலே கிடைக்கும் பஞ்சாமிர்தத்தில் அது கணக்குத் தீர்ந்துவிடும். நெரிசலான நாட்களில் யானைப்பாதை வழியே ஏற்றி, படிப்பாதை வழியே இறக்குகிறார்கள். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் எதிரெதிரே மோதாதபடி பிரித்துவிட்டால் பாதையின் முழு அகலமும் பயனாகும். 1966-இல் வந்த விஞ்ச் என்ற இழுவை ரயிலும், 2004-இல் வந்த ரோப்காரும் முடியாதவர்களை ஏற்றிவிடுகின்றன.

ஆனால் திருவிழாவின் உண்மையான அளவுகோல் படியிலும் இல்லை, ரோப்காரிலும் இல்லை. சன்னதியில் இருக்கிறது. ஒவ்வொருவரும் தண்டாயுதபாணியை இரண்டு நொடி பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றை வரிசை என்றால் மணிக்கு 1,800 பேர். வரிசையில் 9,000 பேர் நின்றால் கடைசி ஆளுக்கு ஐந்து மணி நேரம். "நகருங்க சாமி, நகருங்க" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பதால் அந்த இரண்டு நொடி ஒன்றரை நொடியானால், மணிக்கு 2,400 பேர். அரை நொடியில் அறுநூறு பேருக்குக் கூடுதலாக வழி பிறக்கிறது. அந்தக் குரல் காதுக்குக் கசப்பாக இருக்கலாம். வெளியே குழந்தையோடு நிற்கும் தாய்க்கு அதுதான் கருணை.

கட்டண வரிசை விஷயத்திலும் இந்தக் கணக்குதான் பேசுகிறது. இணையத்துக்கான கணித அடிப்படையை அமைத்தவர்களில் ஒருவரான லெனார்ட் கிளைன்ராக் 1965-இல் வரிசைகளைப் பற்றி ஒரு விதியை நிறுவினார். எல்லோருக்கும் ஆகும் நேரம் ஒன்றுதான் என்றால், யாரை முன்னே விட்டாலும் யாரைப் பின்னே தள்ளினாலும் மொத்தக் காத்திருப்பு மாறாது. காசு கொடுத்தவர் மிச்சம் பிடித்த ஒவ்வொரு நிமிடமும் கொடுக்காதவர் தலையில் ஏறும். சாதாரண நாளில் அந்தச் சுமை சிறியது, அந்தக் காசால் கோயில் வேலைகளும் நடக்கின்றன. பல லட்சம் பேர் வரும் நாளில் அது மணிக்கணக்கான சுமையாகிவிடும். 2025 தைப்பூசத்தை ஒட்டிச் சில நாட்களுக்குப் பழநியில் கட்டண தரிசனத்தை நிறுத்தி எல்லோரையும் இலவசமாகவே விட்டார்கள். கணிதப்படியும் அறப்படியும் சரியான முடிவு. நடந்தே வந்தவரை வாசலில் காசால் பிரிக்கக் கூடாது.

இப்போது மேலே, கொடைக்கானலுக்குப் போவோம்.

2011 கணக்கெடுப்பின்படி கொடைக்கானல் நகரின் மக்கள்தொகை 36,501. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் அந்தக் கோடைக்காலத்துக்கு உச்சவரம்பும் வந்தது. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 சுற்றுலா வாகனங்கள், வார இறுதியில் 6,000. காருக்கு நான்கு பேர் என்றால்கூட ஒரு நாளில் பதினாறாயிரம் பேர். பழநியின் லட்சங்களோடு ஒப்பிட்டால் சின்ன எண்தான். அப்படியிருந்தும் மலை ஏன் திணறுகிறது?

நிற்கும் கார் ஒன்றுக்குச் சுமார் 12 சதுர மீட்டர் வேண்டும். நாலாயிரம் கார் என்றால் 48,000 சதுர மீட்டர், ஏறத்தாழ 12 ஏக்கர். பிரையன்ட் பூங்காவின் பரப்பே சுமார் 20 ஏக்கர்தான். கார்களை இடைவெளி விடாமல் அடுக்கினாலும் பூங்காவில் பாதிக்கு மேல் மூடிவிடும். ஆறாயிரம் என்றால் ஏறக்குறைய முழுப் பூங்காவும். பூவைப் பார்க்க வந்த கார்கள் பூப்பாத்தி அளவுக்கு இடம் கேட்கின்றன.

அடுத்தது சாலை. வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே உள்ள சுங்கச்சாவடி போன்ற ஓரிடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வண்டியை அனுப்ப ஆகும் நேரம் கூடிக் குறைந்து, சராசரியாக 20 நொடி ஆகிறது என்பது என் கற்பனைக் கணக்கு. மணிக்கு 180 வண்டிகளை அனுப்பலாம். வண்டிகள் முன்பின்னாக, தாறுமாறான இடைவெளியில் வருகின்றன. மணிக்கு 144 வந்தால் சராசரிக் காத்திருப்பு 80 நொடி. 162 வந்தால் மூன்று நிமிடம். 171 வந்தால் ஆறு நிமிடத்துக்கு மேல். 178 வந்தால் அரை மணி நேரம்! கடைசியாகச் சேர்ந்தவை வெறும் ஏழு வண்டிகள், கூடிய காத்திருப்பு இருபத்து மூன்று நிமிடம். வரிசைக் கணிதத்தின் இந்தச் செங்குத்தான வளைவு எல்லாச் சுங்கச்சாவடிக்கும், மருத்துவமனைக்கும், ரேஷன் கடைக்கும் பொருந்தும். கொள்ளளவை நெருங்கிய பின் வரும் ஒரு சிலர்தான் எல்லோரின் நேரத்தையும் தின்கிறார்கள். அவர்கள்மேல் தவறில்லை, அவர்கள் வந்த நேரம் அப்படி. அதனால்தான் உச்சவரம்பு கொஞ்சம் குறைத்து வைத்தாலே பெரிய பலன் தருகிறது. பத்துக்கு ஒரு வண்டியை வேறு நாளுக்கு மாற்றினால், மீதி ஒன்பது வண்டியும் பல மடங்கு சீக்கிரம் போய்ச் சேரும். ஒற்றைச் சாலையில் ஆம்புலன்ஸ் வந்தால் இதன் அருமை புரியும்.

இ-பாஸால் வியாபாரம் போகிறது என்று கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் வருந்துகிறார்கள். அவர்களின் கவலை நியாயமானது. ஆனால் உச்சவரம்பு வாகனத்துக்குத்தான், ஆளுக்கு அல்ல. ஐம்பது பேர் ஒரு பேருந்தில் வந்தால் பன்னிரண்டு கார்களின் வேலையை அது ஒன்றே செய்துவிடும். கடைக்கு வரும் ஐம்பது பேரும் அப்படியே வருகிறார்கள். பழநியின் பாடத்தைக் கொடைக்கானல் கற்றுக்கொள்ளும் வழி இதுதான் என்று நான் நம்புகிறேன். ஆட்கள் வரட்டும், இரும்பு குறையட்டும்.

இன்னொரு விதியும் 2024-இல் வந்தது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. இதைத் தொந்தரவாக நினைப்பவர்கள் மலையின் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருமுறை பார்க்க வேண்டும். கொடைக்கானல் மேட்டின் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் மழையைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்து, மழை இல்லாத மாதங்களிலும் கசியவிடுகின்றன. வடக்கு முகத்தில் கசிவது பாலாறாகவும் பொருந்தலாறாகவும் வரதமாநதியாகவும் இறங்கி, பழநியில் சண்முகநதிக்குப் போய்ச் சேர்கிறது. காவடியை இறக்கி வைத்துவிட்டுப் பக்தர் முங்கிக் குளிக்கும் ஆறு அது. மே மாதம் மேலே ஒருவர் எறிந்த பாட்டில், தை மாதம் கீழே இன்னொருவரின் தீர்த்தத்தில் மிதக்கலாம்.

கொடைக்கானல் போகும் எண்ணம் இருந்தால், கிளம்பும் முன் அந்த நாளுக்குரிய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள். முடிந்தால் சனி, ஞாயிறைத் தவிருங்கள். இ-பாஸுக்குக் கட்டணம் கிடையாது. அரசுப் பேருந்தில் ஏறிப் போனால் இ-பாஸே வேண்டாம். தை மாதம் ஓர் இரவு நேரம் இருந்தால், பழநிச் சாலையில் ஏதாவது ஒரு பந்தலில் போய் நில்லுங்கள். மோர் ஊற்ற ஆள் எப்போதும் தேவைப்படும். யாரும் உங்கள் பெயரைக் கேட்கமாட்டார்கள். இ-பாஸுக்குக் கட்டணம் கிடையாது. அரசுப் பேருந்தில் ஏறிப் போனால் இ-பாஸே வேண்டாம்.